தொட்டிச் செடி வாடினால் கலவையில் பிழை எங்கே? அறிகுறியை வைத்துக் கண்டறியும் வழிமுறை

தொட்டிச் செடி மஞ்சளடித்தாலும் வாடினாலும் பெரும்பாலோர் முதலில் உரத்தைத் தேடுகிறார்கள், அடுத்துப் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள்; வேர் எதில் நிற்கிறது என்று பார்ப்பது செடி பட்டுப்போன பிறகுதான். அந்தூரியம், மான்ஸ்டிரா, பிலோடெண்ட்ரான், அக்லோனிமா, இட்லிப்பூ, செம்பருத்தி, அடீனியம் போன்ற வெப்பமண்டலச் செடிகளுக்குத் தொட்டிக்குள் நேரும் கோளாறுகளில் கணிசமானவை, கலவையில் காற்று போதாமல் வருபவை. செம்மண், கொகோபீட் என்று நாம் கேட்டு வாங்கும் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலக்கும் வழக்கமான கலவை கோடையில் குறை தெரியாமல் ஓடிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் அதன் குணம் வெளிப்படும். தமிழகத்தின் கடலோர, சமவெளி நகரங்களில் மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்களை மனத்தில் கொண்டே கீழுள்ளவை எழுதப்பட்டுள்ளன.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய அளவீடு

வடிகால் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது, ஏனெனில் ஊற்றிய நீர் துளை வழியே சட்டென்று வந்துவிட்டாலும் உள்ளே தங்கிய நீர் எவ்வளவு என்பது அதில் தெரியாது. அளந்து பார்ப்பது எளிது. செடி வைக்கப்போகும் அதே தொட்டியின் துளைகளை வெளிப்புறமாக ஒட்டுநாடாவால் அடைத்து, விளிம்பு வரை எத்தனை லிட்டர் நீர் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீரைக் கொட்டிவிட்டு, முன்பே ஈரப்படுத்திய கலவையை விளிம்பு வரை நிரப்பி, தொட்டியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டி, இறங்கிய இடத்தை மீண்டும் நிரப்புங்கள். பிறகு மேற்பரப்பில் நீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, நீர் உள்வாங்கியிருந்தால் மறுபடியும் ஊற்றி, ஒரு வாளிக்கு மேலே தொட்டியைப் பிடித்துக்கொண்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். சொட்டுவது நிற்கும் வரை வாளியில் சேர்ந்த நீரின் அளவே, அந்தத் தொட்டியில் அந்தக் கலவை வேருக்குத் தரக்கூடிய காற்றின் அளவு.

5 லிட்டர் தொட்டியில் 400 மி.லி. வடிந்தால் காற்றிடம், அதாவது கலவையில் காற்று நிற்கும் பங்கு, 8 விழுக்காடு. 1 லிட்டர் வடிந்தால் 20 விழுக்காடு. 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் கலவை தொடர்மழையைத் தாங்காது என்று எடுத்துக்கொள்ளலாம். செம்பருத்தி, இட்லிப்பூ, எலுமிச்சை போன்ற தரையில் வேரூன்றும் செடிகளுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரை இருந்தால் போதும்; மரத்தில் தொற்றி வளரும் இயல்புள்ள அந்தூரியம், மான்ஸ்டிரா, பிலோடெண்ட்ரான் ஆகியவற்றுக்கு 20க்கு மேல் 30 வரை இருப்பது நல்லது.

வடிந்து முடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஒரு பட்டை நீர் தேங்கியே நிற்கும். துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகள் அந்த நீரைப் புவியீர்ப்பை மீறிப் பிடித்துக்கொள்கின்றன. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நீரில் முக்கிப் படுக்கைவாட்டில் பிடித்துச் சொட்டுவது நின்றதும், அதையே செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் நீர் ஒழுகும். உயரம் கூடும்போது பிடித்து நிற்கும் நீர் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேங்கும் பட்டையின் உயரத்தைத் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது, தொட்டியின் உயரம் அல்ல. ஒரு கலவையில் அந்தப் பட்டை 5 செ.மீ. என்றால், 10 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் பாதி சகதியாகவும், 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் ஆறில் ஒரு பங்கு மட்டும் சகதியாகவும் இருக்கும். ஆழமற்ற அலங்காரத் தொட்டிக்கு மற்றவற்றைவிடப் பருத்த துகள்கள் கொண்ட கலவை வேண்டும் என்பது இதனால்தான்.

அறிகுறி: மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலை துவள்கிறது

அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இது. இலை துவண்டதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவதே வழக்கம். அதுவே செடியின் முடிவாகவும் அமைந்துவிடுகிறது. நீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதோடு, 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 9 மி.கிராம் அளவுக்குக் கரையும் ஆக்ஸிஜன், 30 பாகையில் ஏழரை மி.கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே வெப்பத்தில் வேரின் சுவாசமோ கூடுகிறது. குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளில் உள்ள கலவைகள் நம் மாடியில் சரிப்படாமல் போவதற்கு இந்த முரண் ஒரு முக்கியக் காரணம். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போவதால், நீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு தென்னை ஈர்க்குச்சி போதும். விளிம்பை ஒட்டி அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். மேல் பாதி உலர்ந்தும் கீழ்ப் பகுதி கறுத்துச் சேறு ஒட்டியும் வந்தால் தேங்கல் அடியில் இருக்கிறது. குச்சியின் நுனியில் அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே காற்றே இல்லை. இனித் தாமதிக்காமல் செடியை வெளியே எடுக்க வேண்டும். நலமான வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரல்களால் பிடித்து இழுத்தால் பழுப்பேறிய மேலுறை கையோடு வந்துவிட, உள்ளே நூல் போன்ற நடு இழை மட்டும் தொங்கும். அத்தகைய வேர்களை முழுவதும் வெட்டி, மிஞ்சிய வேரின் அளவுக்குப் பொருந்தும் சிறிய தொட்டியில், புதிய கலவையில் வைத்து, நிழலில் விடுங்கள். அடீனியத்தின் அடிக்கிழங்கு மெத்தென்று ஆகியிருந்தால் வெளிர் நிறச் சதை தெரியும் வரை செதுக்கி, ஒரு வாரமாவது நிழலில் காயவிட்ட பிறகே நட வேண்டும்.

இந்த இடத்தில் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. நீர் தேங்கிய தொட்டியில் வேரை அழுகச் செய்யும் பித்தியம், பைட்டோப்தோரா ஆகிய நுண்ணுயிர்கள் அந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை; அவற்றுக்கு மெட்டலாக்சில் வகை வேண்டும். எந்த மருந்தை ஊற்றினாலும், காற்றில்லாத கலவையை மாற்றாத வரை அடுத்த மழையில் அழுகல் திரும்பவும் வரும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் அல்லது உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒரு வரிசை பரப்புவது பரவலான வழக்கம். நுண்துகள் அடுக்கில் நிற்கும் நீர், அந்த அடுக்கின் அடிப்பகுதி முழுவதும் நிரம்பும் வரை, பருத்த கல் அடுக்குக்குள் இறங்காது. எனவே தேங்கும் பட்டை மறைவதில்லை; கல் அடுக்கின் உயரத்துக்கு மேலேறி, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கிறது. துளை அடைபடாமல் காக்க ஒரு ஓட்டுச் சில்லோ நைலான் வலைத் துண்டோ போதும். கல்லைக் கலவைக்குள் சேர்த்தால் பயன் உண்டு, கீழே பரப்பினால் இல்லை.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது தொட்டி மாற்ற முடியாதவர்கள் இரண்டு தற்காலிக வழிகளைக் கையாளலாம். தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்து, துளை தாழ்ந்த மூலையில் அமையுமாறு சாய்த்துவைத்தால் தேங்கும் நீரின் அளவு குறையும். அல்லது ஒரு பருத்திக் கயிற்றை நனைத்துத் துளை வழியே கலவைக்குள் ஒரு சாண் ஏற்றி, மறுமுனையைத் தொட்டிக்குக் கீழே தொங்கவிட்டால், அடிப்பட்டையின் நீரில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக் கீழே இறக்கும். இரண்டுக்குமே தொட்டி தரையில் படியாமல் உயர்ந்து நிற்க வேண்டும். தட்டில் நீர் நிற்கவே கூடாது.

அறிகுறி: ஊற்றிய நீர் மேலேயே குளம் கட்டுகிறது

தொட்டியின் துளை வேராலோ சேற்றாலோ அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். வளர்ப்புப் பையானால், துளைகள் பக்கவாட்டில் மட்டும் இருந்து, அவற்றுக்குக் கீழே இரண்டு விரற்கிடை நீர் எப்போதும் நிற்கும்படி அமைந்திருக்கும். அடியிலும் சில துளைகள் போட்டுவிடலாம்.

துளை சரியாக இருந்தால் பிழை பொடியில் இருக்கிறது. ஆற்றுமணல் கிடைக்காத நிலையில் பலரும், பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் சேர்க்கிறார்கள். அதில் கலந்திருக்கும் கல் பொடி, செம்மண்ணில் உள்ள களியோடு சேர்ந்து பருத்த துகள்களின் இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. மணல் சேர்த்தால் வடிகால் கூடும் என்பது, மணல் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தால் மட்டுமே உண்மை. களிமண்ணில் கால் பங்கு மணல் சேர்த்தால் கிடைப்பது கட்டுமானப் பொருள்தான். பூச்சுவேலைக்கு விற்கும் பி-சாண்ட் இன்னும் நைசானது, தொட்டிக்கு ஆகாது. எம்-சாண்ட்தான் இருக்கிறது என்றால், மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும், கழுவும் நீர் தெளியும் வரை அலசி எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை உப்புக்காகவே ஒதுக்கிவிட வேண்டும்.

காற்றிடத்தைக் கூட்டுவது பெரும்பாலும் 3 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையிலான துகள்கள். எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்துச் செய்யும் பெர்லைட் நல்ல பொருள், ஆனால் விலை அதிகம். காலப்போக்கில் நொறுங்கும், மழையில் மேலே மிதந்து வரும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் செங்கல் சல்லி அதே வேலையைச் செய்யும். பழைய சுவரில் இடித்த கல்லானால் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டியிருப்பதைத் தவிர்க்க வேண்டும், அவை கலவையைக் காரமாக்கிவிடும். அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரியும் பயன்படும். உமியின் வடிவம் மாறாமல் கறுப்பாக இருக்கும் கரியை எடுங்கள், வெண்சாம்பலாக எரிந்துபோனதை எடுக்காதீர்கள். கரியாகாத பச்சை உமியைக் கலந்தால் அதில் தங்கிய நெல் முளைத்துத் தொட்டி நாற்றங்காலாகிவிடும்.

அறிகுறி: ஊற்றியவுடன் நீர் ஓடிவிடுகிறது, செடி காய்கிறது

வேகமாக வெளியேறும் நீரைப் பார்த்து வடிகால் அருமை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கோடையில் முழுவதும் காய்ந்துபோன நார்க்கழிவு சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். ஊற்றும் நீர் அந்த இடைவெளியில் இறங்கிப் போய்விடும், நடுப்பகுதி பொடியாகவே கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பளவு நீருள்ள அகன்ற பாத்திரத்தில் தொட்டியை அரை மணி நேரம் அமிழ்த்திவைத்து எடுத்து வடியவிட்டால் கலவை மீண்டும் நீரை ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகும் இதே நிலை என்றால், தொட்டி முழுக்க வேர் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதே அறிகுறியின் மற்றொரு வடிவம் புதிதாக வாங்கிய செடிகளில் வருகிறது. ஆந்திராவில் கோதாவரிக்கு அருகிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் பல செடிகள், கறுப்பு உறைக்குள் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே காற்றோட்டமான கலவையின் நடுவில் வைத்தால், சுற்றியுள்ள கலவை நனைந்து வடிந்துவிடும். களி உருண்டையோ ஒரு முறை காய்ந்தால் நீரை ஏற்காமலும், ஒரு முறை நனைந்தால் காயாமலும் இருக்கும். வேர்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைத் தாண்டி வருவதே இல்லை. எத்தனை நல்ல கலவையும் இந்த நிலையில் உதவாது. உருண்டையை நீரில் ஊறவைத்து, வேரை அறுக்காமல், வெளிப்புறக் களியில் பாதியாவது கரைத்து நீக்கிவிட்டு நடுங்கள். கோடை உச்சியில் இதைச் செய்ய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து திசு வளர்ப்பில் வரும் அந்தூரியம், அக்லோனிமா ஆகியவற்றின் வேரைச் சுற்றிச் சிறு வலைக்கூடையோ துணிப்பையோ இருந்தால் அதையும் கத்தரித்து எடுத்துவிட வேண்டும்.

அறிகுறி: இலை நுனி கருகி, மண்ணின் மேல் வெண்படலம் படிகிறது

இது உப்பு. தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை மிகுந்திருக்கும். கழுவாமல் அழுத்திய கட்டிகளில் அவை அப்படியே வந்துவிடும். அதன் மேல் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும், அடிக்கடி போடும் உரமும் சேரும். நீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்துவோர் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். அளவி இதற்கு உதவும். ஊற்றும் நீரின் டி.டி.எஸ். அளவையும், அடியில் வடியும் நீரின் டி.டி.எஸ். அளவையும் பாருங்கள். வடிநீர் பன்மடங்கு காட்டினால் உப்பு உள்ளே சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வெளியேற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் காற்றிடம் குறைந்த கலவையில் இந்தக் கழுவுதலே வேரழுகலுக்கு வழிவிடும் என்பதால், முதலில் சொன்ன அளவீட்டைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

புதிய நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் டி.டி.எஸ். அளவு குழாய் நீரின் டி.டி.எஸ். அளவுக்கு அருகில் வரும் வரை நீரை மாற்றிக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம். வெறும் நீர், நாரின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் முழுதாக விடுவிக்காது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மீண்டும் அலசினால் கால்சியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைகளில் பஃபர்டு என்று அச்சிட்டு விற்பது இப்படிப் பதப்படுத்தியதுதான்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் எதையும் போடாதீர்கள். அடி இலைகள் சீராக வெளிறி, செடி வளர்ச்சியின்றி நின்றால் நைட்ரஜன் பற்றாக்குறை. மக்காத நார்க்கழிவில் கார்பன், நைட்ரஜன் விகிதம் 100:1க்கும் மேல் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்கின்றன. நன்கு மக்கியதையே வாங்குங்கள், அல்லது வேப்பம் புண்ணாக்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஈடுகட்டுங்கள். தேங்கல் உள்ள தொட்டியில் புண்ணாக்கு போட்டால், அதைச் சிதைக்கும் உயிரிகள் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும்.

நரம்பு பச்சையாகவே இருக்க இளம் இலைகள் மட்டும் மஞ்சளானால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை; இட்லிப்பூவிலும் செம்பருத்தியிலும் அடிக்கடி காணலாம். வாளியில் வெண்கறை படியவைக்கும் கடின நீர், கலவையை மெல்ல மெல்லக் காரமாக்குவதே பொதுவான காரணம். அப்போது மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பு நெடுநேரம் நிற்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று குறித்த இரும்பு கார நிலையிலும் செடிக்குக் கிடைக்கும். வேர் மூச்சு முட்டினாலும் இதே தோற்றம் வரும் என்பதால், ஈர்க்குச்சியை இங்கும் ஒரு முறை குத்திப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: கலவை இறங்கிப்போகிறது, சிறு ஈக்கள் சுற்றுகின்றன

நட்ட ஓராண்டுக்குள் கலவை விளிம்பிலிருந்து நான்கு விரற்கிடை இறங்கினால், கரிமப் பொருள் மக்கி நைசாகிவிட்டது. ஆரம்பத்தில் 20 விழுக்காடு காட்டிய காற்றிடம் இப்போது பாதியாகியிருக்கக்கூடும். மேலே மண்புழு உரத்தைக் கொட்டி நிரப்புவது நிலைமையை மோசமாக்கும். மண்புழு உரம் சத்துக்காகச் சேர்ப்பது, இடத்தை நிரப்புவதற்கு அல்ல; மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டியதில்லை. ஓயாமல் ஈரமாக இருக்கும் மேற்பரப்பில் பூஞ்சைக் கொசுக்கள் முட்டையிடும். மேல் இரண்டு செ.மீ. காயவிட்டு நீர் ஊற்றும் வழக்கத்துக்கு மாறினால் அவை குறையும். விரல் பருமனில் வளைந்த வெண்புழுக்கள் இருந்தால் அவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். எருக்குழியில் பெருகும் அவை தொழுவுரத்தோடு தொட்டிக்கு வந்துவிடுகின்றன. தொழுவுரத்தைச் சலித்துச் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

மாற்றும்போது என்ன கலக்கலாம்

செம்பருத்தி, இட்லிப்பூ, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றுக்குச் சலித்த செம்மண் இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு மூன்று பங்கு, செங்கல் சல்லியோ பெர்லைட்டோ மூன்று பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு என்று தொடங்கலாம். அந்தூரியம், மான்ஸ்டிரா வகைகளுக்குச் செம்மண்ணே வேண்டாம். 1 முதல் 2 செ.மீ. அளவில் நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு நான்கு பங்கு, நார்க்கழிவு இரண்டு, மரக்கரித் துண்டு ஒன்று, பெர்லைட் இரண்டு, மண்புழு உரம் ஒன்று. அடீனியத்துக்குப் பாதிக்கு மேல் சல்லியும் கழுவிய பருமணலும் இருக்கட்டும். டென்ட்ரோபியம் ஆர்க்கிடை மட்டைத் துண்டிலும் கரியிலும் மட்டும் வைப்பதே முறை. பங்குகளை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ச் செம்மண்ணில் உள்ள களியின் அளவு வேறு, நீங்கள் வாங்கும் நார்க்கழிவின் துகள் வேறு. கலந்ததை அளந்து பார்த்து, காற்றிடம் குறைந்தால் சல்லியைக் கூட்டுங்கள். கூடுதலாகி, தினம் இரு முறை நீர் ஊற்ற நேர்ந்தால் நார்க்கழிவைக் கூட்டுங்கள்.

அடீனியத்தை பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும், மற்றவற்றை ஆகஸ்ட் மாதத்திலிருந்து செப்டம்பர் இறுதிக்குள்ளும் மாற்றிவிட்டால் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். எடுத்த பழைய கலவையை எறிய வேண்டாம். உலர்த்திச் சலித்தால் சல்லியும் மட்டைத் துண்டும் தனியே வந்துவிடும். சல்லியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். கீழே விழுந்த பொடியை, வேரழுகல் கண்ட தொட்டியினுடையது என்றால், ஈரப்படுத்தி ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஏப்ரல், மே வெயிலில் ஐந்தாறு வாரம் மாடியில் வைத்த பிறகு, தொட்டிக்கு அல்லாமல் தரையில் வளரும் செடிகளுக்குப் போடுங்கள்.